பாதி கேமரா

எனக்கும் அமுதாக்காவுக்கும் சண்டை வராத விஷயம் இந்த மேட்டூரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பறவை. கேமரா வாங்கலாம் என்று பேச்செடுத்த நாளிலிருந்து அதுவும் போயிற்று.

நான் கணக்கு டீச்சர். கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அமுதவல்லி அக்கா பக்கத்து வீடு, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னைச் செல்லமாக 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் நினைத்ததை விடவும் மாட்டார். அவர் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் அண்ணனுக்கு தெர்மல் மின்நிலையத்தில் வேலை. என் வீட்டுக்காரர் பெனடிக்ட்டுக்கு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட். ஆண்கள் இரண்டு பேரும் குறட்டை விடுகிற விடியற்காலையில் நாங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அணைத் தண்ணீரோரம் பண்ணவாடி பரிசல்துறைப் பக்கம் போய்விடுவோம். உடம்பு இளைக்க நடக்கிறோம் என்றுதான் ஆரம்பித்தோம். உடம்பு இளைக்கவில்லை, பறவைப் பைத்தியம் பிடித்ததுதான் மிச்சம்.

செல்போனில் எடுத்தால் எந்தப் பறவையும் எள்ளு அளவுதான் வரும். அக்கா அதை வீட்டில் காட்டினால், மாதேஸ்வரன் அண்ணன் திரையைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். தூசி என்று நினைத்துக்கொள்வாராம். அந்த அவமானம் தாங்காமல்தான் ஆளுக்கொரு சீட்டு போட்டு, சேர்ந்து ஒரு கேமரா வாங்குவது என்று முடிவு செய்தோம்.

சீட்டு முடிந்ததும் சேலத்துக்குப் போனோம். புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குமரகுரு என்பவர் கடை. புதுசும் பழசும் விற்பார். எங்கள் பணத்தைக் கேட்டுவிட்டு அவர் நியாயமாகவே சொன்னார்.

"இதுக்கு ரெண்டுல ஒண்ணுதானுங்க நல்லதா வரும். புது மாடல் பாடி, அதான் கேமராப் பெட்டி, எடுத்தா கூட வர்ற சின்ன லென்ஸோட திருப்திப்பட்டுக்கோணும். தூரத்துல இருக்கறத இழுத்துக் காட்டற பெரிய லென்ஸ் வேணும்னா, பழைய பாடிதான் கட்டுப்படியாகும்."

"லென்ஸ்தான்" என்றேன் நான்.

"பாடிதான்" என்றார் அக்கா, அதே மூச்சில்.

அன்று வெறுங்கையோடு திரும்பினோம். ஓமலூர் தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் அதே பேச்சு. நான் சொன்னேன், பாடி என்பது செல்போன் மாதிரி, மூன்று வருடத்தில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் நம் பிள்ளைகள் காலம் வரைக்கும் வரும், பறவை எள்ளாகத் தெரிவதுதானே நம் குறை என்று. அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பெருசா தெரிஞ்சு என்ன சாமி பண்றது? வெளிச்சம் வாரதுக்குள்ள போயி நிக்கறோம். பழைய பாடி அந்த இருட்டுல ரவையக் கொட்டுன மாதிரி பொரிப்பொரியாக் காட்டும். அது குறி புடிக்கறதுக்குள்ள பறவ கர்நாடகா போயிரும்" என்றார். அவர் சொன்னது சரிதான். அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

அந்தச் சண்டை எவ்வளவு நாள் ஓடியது என்றால், அடுத்த சீட்டே முடிந்துவிட்டது. இப்போது புதுப் பாடி, பெரிய லென்ஸ் இரண்டுமே வாங்குகிற அளவுக்குப் பணம் இருந்தது. அப்போதாவது சமாதானமாகச் சேர்ந்து வாங்கினோமா என்றால், இல்லை. அக்கா தன் பணத்தில் புதுப் பாடியை மட்டும் வாங்கினார். நான் என் பணத்தில் பெரிய லென்ஸை மட்டும் வாங்கினேன். குமரகுரு இரண்டு பில் போட்டார். இருபது வருடக் கடையில் இப்படி யாரும் வாங்கியதில்லை என்று சொல்லி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பாடி அக்கா வீட்டு பீரோவில், லென்ஸ் என் வீட்டு பீரோவில். விடிந்ததும் கேட்டுக்கு வெளியே வைத்து இரண்டையும் மாட்டுவோம். அக்கா ஊரில் இல்லாத நாளில் என் லென்ஸ் ஒரு கனமான சொம்பு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச் பூசைக்குப் போய்விட்டால் அக்காவின் பாடி வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடக்கும். ஒருவரிடம் ஒருவர் இரவல் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அப்படியொரு வீம்பு.

ஆனால் அந்த இரண்டு வருடம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? ஒரு கோடையில் அணைத் தண்ணீர் நன்றாக இறங்கி, அணை கட்டியபோது முழுகிய பழைய கோயிலின் நந்தியும் சர்ச் கோபுரமும் வெளியே தெரிந்தன. ஆற்று ஆலாப் பறவை ஒன்று, மஞ்சள் மூக்கில் மீனோடு, எங்கே உட்காரலாம் என்று சுற்றியது.

"எங்க கோபுரத்துலதான் உக்காரும், பாருங்க" என்றேன்.

"எங்க நந்தி தலைதான் அகலம். பறவைக்குத் தெரியாதா?" என்றார் அக்கா. அவர் கையில் கேமரா, நான் திசை சொன்னேன். அது நந்தியின் கொம்பில் வந்து உட்கார்ந்தது. படத்தில் மீனின் செதில் வரைக்கும் தெரிந்தது. அந்தப் படம் இரண்டு வீட்டு ஹாலிலும் தொங்குகிறது. பாடியின் வேகத்தால் வந்தது என்று அந்த வீட்டிலும், லென்ஸின் தெளிவால் வந்தது என்று இந்த வீட்டிலும் விருந்தாளிகளுக்குச் சொல்லப்பட்டது.

போன ஜூனில் மாதேஸ்வரன் அண்ணனுக்குத் தூத்துக்குடி தெர்மலுக்கு மாறுதல் வந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் டீச்சர் புத்தி, ஆக வேண்டியதைப் பார்க்கச் சொன்னது. சாமான் கட்டுகிற நாளில் போய், "அக்கா, பாடிய எனக்கே குடுத்துட்டுப் போயிருங்க. பணத்தக் குடுத்தர்றேன்" என்றேன்.

"குடுக்க மாட்டேன் சாமி" என்றார், டம்ளரைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே.

"சரி, அப்ப லென்ஸ நீங்க எடுத்துக்கோங்க. நீங்களாவது போட்டோ புடிங்க."

"அது உன்னுது. எனக்கெதுக்கு?"

"லென்ஸ் இல்லாம அத வெச்சுக்கிட்டு அங்க என்னதான் பண்ணுவீங்க?"

"வெச்சிருப்பேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எனக்கும் உதவாமல் தனக்கும் உதவாமல் இது என்ன பிடிவாதம்? தோழி என்று இத்தனை வருடம் நம்பியவர் ஒரு பெட்டிக்காக இப்படிக் கணக்குப் பார்க்கிறாரே என்று மனசு கசந்துவிட்டது. லாரி கிளம்பியது. பின்னால் காரில் அக்கா உட்கார்ந்திருந்தார். பாடி மட்டும் லாரியில் போகவில்லை, துண்டில் சுற்றி அவர் மடியில் இருந்தது. "போயிட்டு வாரேன் சாமி" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளே வந்து அழுதேன். பெனடிக்ட் எட்டிப் பார்த்துவிட்டு, "கோவத்துல அழுவறயா, இல்ல நெசமாலுமே அழுவறயா?" என்று கேட்டார். அந்த மனுஷனுக்கு நேரம் காலமே தெரியாது.

அதற்குப் பிறகு போனில் இரண்டு வார்த்தைதான். சாப்பிட்டாச்சா, ஆச்சு. அக்கா மட்டும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டே இருந்தார். உப்பளத்தில் பூநாரை வந்திருக்கிறதாம். வெள்ளைத் தண்ணீரில் நாலு ரோஸ் புள்ளி. நான் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு போனை மூடிவிடுவேன். பண்ணவாடிக்குத் தனியாக ஒருமுறை போய்ப் பார்த்தேன். பேச ஆளில்லாமல் அரை மணியில் திரும்பி வந்துவிட்டேன். கையில் கேமரா இல்லாததுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். இனி யார் தயவும் வேண்டாம், சொந்தமாக ஒரு பாடி வாங்கிவிடுவது என்று. குமரகுரு கையிருப்பில் நல்லதாக ஒன்று எடுத்து வைத்தார். அக்காவுடையதைவிடப் புதுசு. லென்ஸை மாட்டிக் கடை வாசலுக்கு வந்து பார்த்தேன். எதிரே வருகிற பஸ்ஸின் போர்டு, டிரைவர் மீசை, எல்லாம் கண்ணுக்குள் வந்தது. எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

"அன்னிக்கு அக்கா வாங்குன பாடி என்னாச்சுங்க டீச்சர்?" என்றார் குமரகுரு.

"அது தூத்துக்குடில, அக்காகிட்ட இருக்குதுங்க."

"அவங்க இப்ப என்ன லென்ஸ் போட்டுப் புடிக்கறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதத்தில் நான் கேட்கவே இல்லை. அவர் அனுப்பிய படங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அத்தனையும் செல்போனில் எடுத்தது. எல்லாம் புள்ளி, எல்லாம் எள்ளு. ஒன்றுகூடக் கேமராப் படம் இல்லை. வாசலில் நின்றபடியே அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க்கா, அந்த ஊர்ல லென்ஸ் கெடைக்கறதில்லீங்களா?"

"நல்லாக் கெடைக்குது. எங்க தெரு முக்குலயே கடை இருக்குது."

"அப்பறம் ஏன் ஒண்ணு வாங்கல?"

போனில் குக்கர் விசில் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தார் போல.

"பாடிய உனக்குக் குடுத்திருந்தா நீ அங்கயே போட்டோ புடிச்சுக்குவ. லென்ஸ நான் வாங்கிட்டா நான் இங்கயே புடிச்சுக்குவேன்" என்றார் அக்கா. "அப்பறம் யாரு யாரப் பாக்க வாரது, சொல்லு சாமி?"

இப்படி ஒரு கணக்கை நான் பள்ளிக்கூடத்தில் படித்ததும் இல்லை, சொல்லிக் கொடுத்ததும் இல்லை. நடு ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"உப்பளத்துப் பறவ எத்தன நாளைக்கு இருக்கும்?" என்றேன் கடைசியில்.

"நீ வார வரைக்கும் இருக்கும்."

உள்ளே வந்து லென்ஸைத் திருகிக் கழற்றினேன். பாடியை மேஜை மேல் வைத்தேன்.

"ஏனுங்க டீச்சர், புடிக்கலீங்களா?" என்றார் குமரகுரு.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா எங்கிட்ட பாடி இருக்குது. கொஞ்சம் தூரத்துல இருக்குது, அவ்வளவுதான்."