மாடிப்படியில் அவள் என்ன சொன்னாள்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. உள்ளொளி, மன எழுச்சி, தனிமையில் நீண்ட நடை எதுவும் காரணம் அல்ல. பழைய படங்களைத் துடைத்துச் சுத்தம் செய்து, வீட்டில் போட்டுப் பார்க்க டிஸ்க்காக வெளியிடும் நிறுவனத்தின் முதலாளி கூப்பிட்டார்.

"சார், ஒரு வசனம் வேணும். ஒன்னே ஒன்னுதான். ஆனா அது அந்தக் காலத்துலயே எழுதுன மாதிரி இருக்கணும்."

வாராவாரம் பத்தி எழுதி யாரையாவது கிண்டல் செய்து பிழைப்பவனிடம் கேட்கிற வேலையா இது? இருந்தும் சரி என்றேன். ஏன் என்று தெரியவில்லை. இந்தக் கதையில் எனக்குத் தெரியாத விஷயங்களில் இது முதலாவது. போகப்போகக் கூடும்.

முதலில் இப்படித்தான் தொடங்கியிருந்தேன்:

[காலம் என்னும் மாபெரும் ஓவியன் படச்சுருளின் மேனியில் தீட்டிய கோடுகளை]

அங்கேயே நிறுத்திவிட்டேன். இது முதலாளி டிஸ்க்கின் பின்னட்டையில் போடுகிற வகை வாக்கியம். அவரே முடித்துக்கொள்ளட்டும்.

2

படம் கறுப்பு வெள்ளை. கணவனோடு இனி முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்ட ஒருத்தி, மாடிப்படியில் நின்று வீட்டுச் சாவியை அவன் கையில் கொடுத்து ஏதோ சொல்கிறாள். நீளமாகச் சொல்கிறாள். அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிடுகிறான்.

என்ன சொன்னாள்? அதுதான் தெரியவில்லை. படத்துக்கு ஒரு சுருள், ஒலிக்கு ஒரு சுருள். அந்த இடத்தில் மட்டும் ஒலிச்சுருள் நாள்பட்டுக் கெட்டு, வினிகர் நாற்றத்தோடு இளகி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. வேறு பிரதி எங்கும் அகப்படவில்லை. எழுதியவர், இயக்கியவர், சாவியை வாங்கியவர், கொடுத்தவர் எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று.

படத்தைச் சீர்செய்கிற பெண்மணிக்கு ஒரு கொள்கை உண்டு. ஒட்டிய அழுக்கைத் துடைக்கலாம். இல்லாததைச் சேர்க்கக் கூடாது. (இந்தக் கொள்கையை எழுத்தாளர்கள் கடைப்பிடித்தால் நூலகங்களில் நிறைய இடம் மிஞ்சும்.) காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவரை வரவழைத்து, கதாநாயகியின் உதட்டசைவைப் படித்துச் சொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டார். ஆசிரியை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறாங்கம்மா" என்றார்.

எண்ணத்தான் எண்ணியிருக்கிறார், பதினேழு வரைக்கும்.* அந்தக் கதாநாயகிக்கு வசனம் மனதில் நிற்காதாம். முகத்தில் துக்கத்தைக் கொண்டுவந்து, வாயால் எண்களைச் சொல்லிவிடுவாராம். பிறகு இன்னொரு பெண் ஒலிப்பதிவு அறையின் இருட்டில் நின்று, அந்த உதட்டுக்குப் பொருந்துகிற மாதிரி வசனத்தைப் பேசுவார்.

* இதற்குள் டிஸ்க்கோடு வரும் சிறுநூல் அச்சாகிவிட்டது. அதில் ஆய்வாளர் ஒருவர், இந்தக் காட்சியில் கதாநாயகி 'மொழிக்கு முந்தைய பெண்மையின் ஆதி மௌனத்தை உச்சரிக்கிறாள்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அவள் உச்சரித்தது பதினேழு வரையிலான எண்கள் என்று அவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்வதாக இல்லை.

3

அந்த இருட்டில் நின்று பேசியவர் உயிரோடு இருக்கிறார். நிறுவனத்தில் அவரைக் குரலம்மா என்கிறார்கள். கணவர் இறந்தபின், கணவரின் அக்காவோடு ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். நானும் சீர்செய்யும் பெண்மணியும் போனோம். கதவைத் திறந்தவர் நாத்தனார். கூடத்துச் சுவரில் கதாநாயகியின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. குரலம்மா படம் எங்கும் இல்லை.

வந்த காரியத்தைச் சொன்னதும் நாத்தனார் எங்களை இரக்கத்தோடு பார்த்தார்.

"இவ பேசினாளாம். கீழ காய்காரன் போனா கூப்பிட மாட்டா, நான்தான் கூப்பிடணும். அவங்க குரல் எங்க, இவ குரல் எங்க?"

"கல்யாணமான நாள்லேர்ந்து இதேதான் சொல்றாங்க" என்றார் குரலம்மா, கோபமே இல்லாமல். "நான் செத்தாலும் நம்ப மாட்டாங்க."

"நீ செத்துட்டா அப்புறம் நான் யார நம்பாம இருக்கிறது?"

பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்து உத்தரவு. சொல்லலாம் என்ற காலம் வந்தபோது நம்புவதற்கு ஆள் இல்லை. குரலம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் காட்சியில் அவர் மறுபடி பேச வேண்டும். பேசியது இவர்தான் என்று திரையில் எழுத்தில் வர வேண்டும். நாத்தனார் அதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். சீர்செய்யும் பெண்மணியும் ஒப்புக்கொண்டார். ஆனால் அன்று பேசிய அதே வசனமாக இருந்தால்தான்.

அன்று பேசியது என்ன? குரலம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "நான் போறேன், என்னைத் தேடாதீங்க." எனக்குச் சிலிர்த்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னார்: "நான் போகல, நீங்கதான் போகணும்." அதற்கும் சிலிர்த்தது. மூன்றாவதாக ஒன்று சொன்னார். அது வேறொரு படத்தில் வருவது என்று நாத்தனார் உள்ளே இருந்தபடியே திருத்தினார்.

[நாத்தனாரைக் கொஞ்சம் அதிகமாகவே முரடாக்கிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. நாங்கள் கிளம்பும்போது, குரலம்மாவுக்குக் காற்று படுகிறது என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தியவர் அவர்தான். அதை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன்.]

4

என் பங்குக்கு நானும் எழுதினேன்: "சாவிய நீங்க வச்சுக்கங்க. பூட்டு என்கிட்ட இருக்கு."

முதலாளி கைதட்டினார். சீர்செய்யும் பெண்மணி படித்துவிட்டு, "சார், இவ்வளவு யோசிச்சுப் பேசுறவங்க பிரிய மாட்டாங்க. உட்கார்ந்து பேசிட்டே இருப்பாங்க" என்றார். நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ஒலிப்பதிவு நாள். முதலாளி, சீர்செய்யும் பெண்மணி, படத்தின் உரிமையை வைத்திருக்கும் கதாநாயகியின் மகன், நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குரலம்மா. அவர் கையில் என் வசனம் எழுதிய தாள். இதைத்தான் அன்றைக்குப் பேசினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுத்துப் பேச உலகத்தில் யாரும் இல்லை என்று முதலாளி நாசூக்காக எடுத்துச் சொன்னார். நானும் மனதுக்குள் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று தவித்தேன். அவருக்காகவா என் வசனத்துக்காகவா என்று கேட்காதீர்கள்.

குரலம்மா தாளைப் படித்தார்.

"நல்லா இருக்கு. ஆனா இத நான் பேசல."

"பின்ன எத பேசினீங்கம்மா?"

"தெரியலப்பா. எதப் பேசிப் பார்த்தாலும் நான் பேசின மாதிரியேதான் இருக்கு."

உதடு எங்கே திறந்து எங்கே மூடுகிறது என்று ஒருதடவை பார்த்துக்கொள்கிறேன் என்றார். காட்சியை ஓட்டினார்கள். அவர் உதட்டோடு சேர்ந்து சும்மா எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று சும்மாதான். நான்கில் குரல் லேசாகப் பிசிறியது. ஒன்பதைச் சொல்ல மனமில்லாமல் சொன்னார். பன்னிரண்டில் ஒரு மன்னிப்பு இருந்தது, பதின்மூன்றில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பதினேழு என்றபோது திரையில் கணவன் படியில் உட்கார்ந்தான். அவன் ஏன் உட்கார்ந்தான் என்று அந்த நிமிடம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. இப்போது எழுத உட்கார்ந்தால் புரியவில்லை.

முதலில் பேசியது மகன். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். "இது வேணாம். எங்கம்மாவுக்கு வசனம் வராது, எண்ணித்தான் நடிச்சாங்கன்னு ஊரே சிரிக்கும்."

சீர்செய்யும் பெண்மணி குழம்பிப்போய் நின்றார். அன்றைக்கு இருந்த ஒலி இது இல்லை, ஆனால் உதடு சொல்வது இதைத்தான், இதைச் சேர்ப்பதா விடுவதா என்று அவருடைய கொள்கைக்கே தெரியவில்லை. கடைசியில் வழி கண்டுபிடித்தவர் முதலாளி. வியாபாரி அல்லவா! டிஸ்க்கில் எத்தனை ஒலி வேண்டுமானாலும் வைக்கலாமே. முதலாவது, சத்தமே இல்லாமல், கிடைத்தது கிடைத்தபடி. இரண்டாவது, இப்போது பதிவான எண்கள். மூன்றாவது, குரலம்மா குரலில் என் வசனம், 'கற்பனை' என்ற குறிப்போடு. இரண்டிலும் மூன்றிலும் காட்சிக்கு முன்னால் இது யார் குரல் என்று எழுத்து வரும். மகனும் அரைமனதாகத் தலையாட்டினார். பட்டனை அமுக்காதவர்களுக்கு முதலாவதுதான் ஓடும் என்பதால்.

குரலம்மாவிடம் விளக்கினோம்.

"அப்ப பட்டன் அமுக்கினாதான் நான் வருவேனா?"

"ஆமாம்மா."

"அக்காவுக்கு ரிமோட்ல சத்தம் கூட்ட மட்டும்தான் தெரியும்" என்றார்.

5

டிஸ்க் வெளியாகிவிட்டது. ஒரு பிரதி அந்த வீட்டுக்கும் போயிருக்கிறது. அப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. கூப்பிட்டுக் கேட்கவும் துணிவில்லை. எழுதிப் பார்த்த முடிவுகள் இவை.

நாத்தனார் தற்செயலாக இரண்டாவது ஒலியை அமுக்கி, எழுத்தைப் படித்து, குரலம்மாவைக் கட்டிப்பிடித்து [இந்த வரியை அடித்துவிட்டேன். கட்டிப்பிடிக்கிற வீடு இல்லை அது.]

நாத்தனார் எழுத்தைப் படித்துவிட்டு, "இப்பல்லாம் யார் வேணா என்ன வேணா எழுதிப் போட்டுக்கலாம்" என்கிறார். [இது நடக்கக்கூடியது. அதனாலேயே பிடிக்கவில்லை.]

கடைசியாக ஒன்று. நாத்தனார் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை. மாடிப்படிக் காட்சி சத்தமில்லாமல் ஓடுகிறது. டிவி கெட்டுவிட்டது என்று நினைத்துத் தனக்குத் தெரிந்த ஒரே பட்டனை அமுக்குகிறார். சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. கணவன் படியில் உட்காருகிறான். அடுத்த காட்சி கதாநாயகியின் சிரிப்பில் தொடங்குகிறது. அந்த இடத்தில் ஒலிச்சுருள் கெடவில்லை. அன்று குரலம்மா இருட்டில் நின்று சிரித்த அந்தச் சிரிப்பு, முழுச் சத்தத்தில் கூடத்தில் வெடிக்கிறது. நாத்தனார் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு, காதைப் பொத்தியபடி காலிரண்டையும் நாற்காலியின் மேல் தூக்கிக்கொள்கிறார். சமையலறையிலிருந்து ஓடிவந்த குரலம்மா அந்தக் கோலத்தைப் பார்க்கிறார். பார்த்ததும் அவருக்கு

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. சிரிப்பு வந்ததா, பதற்றம் வந்ததா? நான் போயிருந்தபோது அவர் ஒருதரம்கூடச் சிரிக்கவில்லை. அதனால் தனக்காக எப்படிச் சிரிப்பார் என்று தெரியாது. வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். சிரிக்க வைப்பதானால் கொஞ்சம் பலமாகவே சிரிக்க வையுங்கள். டிவி அலறுகிற அலறலில் நாத்தனாருக்கும் கேட்க வேண்டும்.