கரிசல் பூசிய டிரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது.

இடைசெவல் பக்கம் வள்ளிமயில் என்ற பெண், தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, தண்ணீர் வடிகட்டும் ஆக்டிவேட்டட் கார்பனைக் கடலைத்தோட்டில் செய்யப் பார்க்கிறாள் என்றார்கள். எழுத விஷயம் கிடைத்ததென்று போனேன். காற்றுப் புகாமல் தோடு வெந்தால் கரி. அதற்கு அப்புறம் நீராவி கொடுத்தால்தான் அது வடிகட்டும் கார்பன். காற்றுப் புகுந்தால் சாம்பல். இரண்டு டிரம் சாம்பலாகிவிட்டது. மூன்றாவதில் சாம்பிள் எடுக்க ஃபில்டர் கம்பெனிக்காரர் நாளைக் காலை வருகிறார். இதுவும் போனால் இனி வரமாட்டாராம்.

2

"கரிசல் பூமி கறுத்துக் கிடந்தது, அதைவிடக் கறுப்பாக ஒரு டிரம்..."

(வேண்டாம். இந்த வர்ணனை ஆசைதான் வினையே.)

தோட்டுக்குத் தீ வைத்து மூடியாயிற்று. மூடியோரம் பூச வைத்திருந்த செம்மண் பாதியில் தீர்ந்துவிட்டது.

"சுத்தி முழுக்கக் கரிசல் கெடக்கு. அதைக் குழைச்சுப் பூசும்மா" என்றேன்.

"காஞ்சா வெடிக்குமே, அண்ணாச்சி?"

"நல்லாப் பிடிக்கும். இந்த மண்ணைப் பத்தி நான் எழுதாததா?"

புத்தகம் போட்டவன் சொல்கிறானே என்று பூசினாள். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பத்துப் பக்கம் வர்ணித்தவனும் நான்தான்.

3

இரண்டு மணி வெயிலுக்கு மூடியோரம் மயிரிழையாக ஒரு வெடிப்பு. அதில் புகை.

அவள் கணவன் இசக்கிமுருகன் கடப்பாரையோடு வந்தான். "தொறந்து தண்ணிய ஊத்திருதேன். மிச்சமாவது தேறும்."

"தொறந்துராதீங்க! காத்துப் பட்டா மூஞ்சில குப்புனு தீ புடிச்சிரும்."

கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு சேற்றை அப்பினாள். அப்பியது காய்ந்து, பக்கத்தில் வெடித்தது.

"அண்ணாச்சி, ரோட்டோரம் பாலத்துக்குக் கொட்டுன செம்மண் கெடக்கு. ஒரு வாளி அள்ளிட்டு ஓடியாங்க. இவியள மூடியத் தொறக்க விடாம நான் புடிச்சுக்கிடுதேன்."

வாளியோடு ஓடினேன்.

4

முடிவு அ: செம்மண்ணோடு திரும்பினேன். கரி தப்பியது.

(பொய். ரோட்டில் கோவில்பட்டி பஸ் நின்றது. ஏறிவிட்டேன். பயம், வேறென்ன? வெறும் வாளி இப்போது என் மேசைக்கடியில் இருக்கிறது.)

முடிவு ஆ: இசக்கிமுருகன் மூடியை நெம்ப, குறுக்கே பாய்ந்த அவள் முகத்தில்...

(எழுத மாட்டேன்.)

5

போன் அடிக்கிறது. வள்ளிமயில் நம்பர். இது மூன்றாவது தடவை. பேசப்போவது அவளா, அவள் போனில் வேறு யாராவதா, தெரியவில்லை. எனக்கு எடுக்கக் கை வரவில்லை.

உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். நீங்கள் எடுங்கள். அவள் குரலாக இருந்தால் மட்டும், வாளி என்னிடம் இருக்கிறதென்று சொல்லுங்கள்.