கால் எட்டாத நாற்காலி

வீட்டில் எல்லாரும் சுண்டெலி என்று கூப்பிடும் தங்கையின் கணவருக்குக் கண்ணில் புரை. அறுவை சிகிச்சை அரை மணி நேர வேலைதான், ஆனால் முன்னும் பின்னுமாக மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். துணைக்கு அக்கா வந்திருந்தாள். சாதாரண அக்கா இல்லை, நாற்காலிக் கம்பெனியின் முதலாளி. ஏழு விருது வாங்கியவள். தலைக்கு மேல் வேலை இருக்கும் அக்கா நமக்காக நேரம் ஒதுக்கினாளே என்று தங்கைக்கு ஒரே பெருமை.

அக்காவுக்கு ஆபீசில் ஒரு வேலையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அக்காவும் அதை யாரிடமும் சொன்னதில்லை. காலையில் போவாள், யாரோ வரைந்த படங்களில் கையெழுத்துப் போடுவாள், "நல்லாத்தானே போகுது" என்பாள், திரும்பிவிடுவாள். பென்சிலைக் கையில் எடுத்து ஆறு வருடம் ஆகிறது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். இவள் குன்று மாளவில்லை, நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அதனாலேயே எது போயிற்று என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் அரை மணி நேரம் அக்காவும் தங்கையும் ஊர்க்கதை பேசினார்கள். அதன்பின் அக்காவுக்கு இடுப்பு வலித்தது. வயசாயிடுச்சு என்று நினைத்துக்கொண்டாள். எதிரே ஒரு பெரியவர் தன் பையைக் காலடியில் போட்டு அதன்மேல் பாதங்களை வைத்திருந்தார். ஒரு அம்மாள் நாற்காலியின் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடுபவள்போல் உட்கார்ந்திருந்தாள். இடம் காலியாக இருந்தும் இரண்டு பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அப்போதும் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

பக்கத்தில் சுண்டெலி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஆனால் உயரம் மட்டும் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது.

"என்னடி, சின்னப் பிள்ளை மாதிரி?"

"கால் எட்டலக்கா."

சும்மா சொன்னாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த வார்த்தையை அவள் கேட்டு முப்பது வருடம் இருக்கும்.

அப்போது அவர்களுக்கு இருந்தது சலவைக் கடைக்கு மேலே ஒரே ஒரு வாடகை அறை. கீழேயிருந்து நாள் முழுக்க இஸ்திரி ஆவி வரும். மரத்தூள் எல்லார் தலையிலும் இருக்கும், சாப்பாட்டிலும் இருக்கும். அக்கா ஒரு நாற்காலி செய்து முடித்தால் அதை மூன்று பேர் சோதிப்பார்கள்: நெட்டைத் தம்பி, இரண்டு ஆள் இடத்தை அடைக்கும் வீட்டுக்கார அம்மாள், அப்புறம் சுண்டெலி. சட்டம் ஒன்றே ஒன்றுதான். காலையில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் முன் தானாக எழுந்துவிட்டால் நாற்காலி தேறவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தேன் என்றெல்லாம் சாக்குச் சொல்லக் கூடாது. நன்றாக உட்கார்ந்தவனுக்குத் தாகம் எடுக்காது என்பாள் அக்கா. எவ்வளவு திமிர்!

தம்பி தேறியது என்பான், வீட்டுக்கார அம்மாளும் தேறியது என்பாள். சுண்டெலி மட்டும் "கால் எட்டல" என்று காலை ஆட்டிக் காட்டுவாள். அக்கா வாய்க்கு வந்தபடி திட்டுவாள், திட்டிக்கொண்டே ரம்பத்தை எடுப்பாள். தங்கையைச் சுவரோரம் நிறுத்தி, முழங்காலின் பின்மடிப்புக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். எந்த நாற்காலியின் பலகையும் அந்தக் கோட்டுக்கு மேலே போகக் கூடாது. ஒரு மழை நாளில், மறுநாள் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்த சுண்டெலி அப்படியே தூங்கிப்போனாள். மூவரும் அவளை எழுப்பாமல் சுற்றி நின்று பார்த்தார்கள். அக்கா அழுதேவிட்டாள். அந்த நாற்காலியில்தான் கம்பெனி பிறந்தது. பரீட்சை ஊற்றிக்கொண்டது, அது வேறு கதை.

அக்கா மெல்லக் கையை நாற்காலிக்கு அடியில் விட்டுத் துழாவினாள். விரலில் ஒரு தகடு தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். அவள் கம்பெனி. அதன் கீழே அவள் கையெழுத்தே பொறித்திருந்தது.

எல்லாம் ஞாபகம் வந்தது. எட்டு வருடத்துக்கு முன் மருத்துவமனைக்காரர்கள் போனில் கேட்டார்கள்: தரை துடைக்கும் மெஷின் அடியில் நுழைய வேண்டும், இரண்டு விரல் உயர்த்த முடியுமா? இவள் அப்போது ஒரு பத்திரிகை போட்டோவுக்குச் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தாள். "சரி" என்றாள். ஒரே ஒரு சரி. இந்த நாற்காலிக்குத்தான் ஏழாவது விருது.

துடைப்பத்தோடு ஒரு பெண் வந்து கால்களை விலக்கச் சொன்னாள்.

"ஏம்மா, மெஷின் இல்லையா?" என்று கேட்டாள் அக்கா.

"மெஷினா? நான் வந்து எட்டு வருஷமாச்சு, மெஷின்லாம் பாத்ததே இல்லம்மா. கையாலதான்."

வராத மெஷினுக்காக எட்டு வருடமாக எத்தனை பேர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்! அக்காவுக்கு முகம் எரிந்தது. பூமி பிளந்தால் நாற்காலியோடு உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார்.

"மேடம், ஸ்கூல் நாற்காலிக்கு ஓகே சொல்லிட்டீங்கன்னா திங்கக்கிழமை மெஷின் ஓட ஆரம்பிச்சுடும். மொத்தம் நாலு ஸ்கூலு."

"உட்கார்ந்து பாத்தீங்களா?"

"கம்ப்யூட்டர்ல எல்லாம் பாத்தாச்சு மேடம். ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் சராசரி எடுத்திருக்கோம்."

"நீங்க உட்கார்ந்தீங்களான்னு கேக்கறேன்."

"நானா? மேடம், நான் எப்படி... அது பசங்க நாற்காலி."

"எந்தப் பிள்ளையாவது உட்கார்ந்துச்சா?"

"இல்ல மேடம், சராசரிதான்..."

"நிறுத்துங்க. ஸ்கூல்ல ஒரு மாசம் டைம் கேளுங்க. நான் செஞ்சு தரேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. செய்து தருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, கை வருமா? வராவிட்டால் இந்த ஆறு வருடம் ஓய்வு இல்லை, முடிவு என்று ஆகிவிடும். சுண்டெலி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, எனக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்குமா?" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, கணவரின் கண்கட்டு அவிழ்ந்ததும், சுண்டெலி வந்து சேர்ந்தாள். ஏழாம் வகுப்பு உயரம் இப்போதாவது உதவட்டும் என்றாள். தொழிற்கூடத்தின் ஒரு மூலையில் அக்கா ரம்பத்தை எடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீசே வேடிக்கை பார்த்தது. முதல் வெட்டே கோணல். உட்கார்ந்த சுண்டெலி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினாள்.

"அக்கா, மூணு கால்தான் தரையில இருக்கு."

"வாயை மூடு."

மூன்று கால்களையும் நான்காவதுக்குச் சமமாக வெட்டினாள். அப்புறம் நான்காவதை மூன்றுக்குச் சமமாக வெட்டினாள். சாயங்காலத்துக்குள் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் கொப்புளம் வந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலித்தது. அதை முதலாளியின் கை என்று சொல்ல முடியாது. சலவைக் கடை மாடியில் இருந்தவளின் கை அது.

இரண்டாவது நாற்காலி பிளந்துகொண்டது. மூன்றாவதில் சுண்டெலி காலையிலேயே கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் பதிந்திருந்தன. பத்து மணி ஆயிற்று, பத்தரை ஆயிற்று. அக்கா பட்டறையில் இல்லாத வேலையெல்லாம் செய்தபடி ஓரக்கண்ணால் பார்த்தாள். முழுதாக மூச்சுக்கூட விடவில்லை. பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சுண்டெலி எழுந்தாள்.

"கால் எட்டுது. தொடை மரத்துப்போச்சு. தேறல."

மேனேஜர் இரக்கத்தோடு அக்காவைப் பார்த்தார். அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். பலகையின் முன் விளிம்பு, அங்கேதான் கோளாறு, இன்னும் வளைக்க வேண்டும், எவ்வளவு என்று விரலுக்குத் தெரிகிறது. அவள் சட்டைப் பையில் பென்சிலைத் தேடி எடுத்தாள்.

"அந்தச் சுவரோரமா போய் நில்லு."

அங்கே விருதுகள் வைத்த கண்ணாடி அலமாரி நின்றது. அக்காவும் மேனேஜரும் சேர்ந்து அதைத் தள்ளினார்கள். ஏழு விருதும் உள்ளே கடகடவென்று சாய்ந்தன, யாரும் நிமிர்த்தவில்லை. அக்கா தரையில் மண்டியிட்டு, தங்கையின் முழங்காலுக்குப் பின்னால், வெள்ளைச் சுவரில் கோடு போட்டாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

"ஏழு மணிக்கு வா."

"ஏழுக்கா? உன் ஆபீஸே ஒன்பதுக்குத்தானே தொறப்பாங்க?"

"சாவி என்கிட்ட இருக்கு," என்றாள் அக்கா. "நான் ஆறுக்கே வந்துடுவேன்."