நோய் வளர்க்கும் குடில்

கழுகுக்கண்ணியின் கை முந்திக்கொண்டது. கண்ணாடிக் குடிலுக்குள் கால் வைத்து, இரண்டு பக்கமும் தொட்டி தொட்டியாகத் தட்டைப்பயறுச் செடிகள் நிற்பதைப் பார்த்ததுதான் தாமதம், கைக்கெட்டிய ஒன்றை வேரோடு பிடுங்கிவிட்டாள். வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் தேமல் விழுந்து, இலையோரம் சுருண்டுகிடந்த செடி அது. மண்ணை உதறி இடுப்புப் பைக்குள் திணிக்கப் போனபோதுதான், இன்று இடுப்பில் பையே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"அய்யோ, என்னக்கா பண்றீங்க!" என்று குடிலைக் காட்ட அழைத்துவந்த ஆராய்ச்சிக்காரர் அலறினார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அங்கே ஒரு செடி இரண்டு செடி இல்லை, அத்தனைக்கும் தேமல். மேலே விளக்கு, கீழே சொட்டுநீர், வெக்கை தெரியாமல் சுழலும் விசிறி என்று பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்வதுபோல் நோயைப் போற்றி வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

விதைப் பண்ணையில் அவளுக்கு வேலையே இந்தச் செடிகளைத் தேடிப் பிடுங்குவதுதான். விதைக்கு விடுகிற வயலில் ஒரே ஒரு நோய்ச் செடி நின்றால் போதும், அதைக் கடித்த வண்டு அடுத்ததைப் போய்க் கடிக்கும், வரிசை முழுக்கப் படுத்துவிடும். வெயில் ஏறுவதற்குள் வரிசை வரிசையாக நடந்து, மற்றவர்கள் கண்ணுக்குப் பச்சையாகவே தெரிகிற செடியைக்கூட இன்னதென்று கண்டு பிடுங்கிவிடுவாள். அதனால் வந்த பெயர்தான் கழுகுக்கண்ணி. நோய்ச் செடியைத் தொட்ட கையோடு அடுத்த வரிசைக்குள் யாரும் நுழைய முடியாது. முழங்கை வரை சோப்புப் போடவேண்டும். ஒருமுறை முதலாளியையே வரப்பில் நிறுத்திக் கை கழுவவைத்திருக்கிறாள். நோயின் பெயரைக்கூட அவள் வாயால் சொன்னதில்லை. "அந்தச் சனியன்" என்பாள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் அந்தச் சனியனின் வீட்டுக்கே வந்து நிற்கிறாள் என்றால் காரணம் மேனேஜர்தான். மேனேஜர் அவள் வளர்க்கும் நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அவளுக்குப் பின்னாலேயே வரிசைகளில் நடந்து, ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் எல்லோர் வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் பண்ணையில் வைத்த பெயர். மேனேஜரின் மேல் ஈறில் ஒரு கட்டி கிளம்பியிருந்தது. கொஞ்ச நாளில் கழுத்தில், தாடைக்குக் கீழே, கோலிக்குண்டு மாதிரி இன்னொன்று. கால்நடை டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுப் புற்று என்றார். கழுத்துக்கும் இறங்கிவிட்டது, இனி வெட்டி எடுத்துப் பயனில்லை, அதிகம் போனால் அடுத்த விதைப்பு வரை இருப்பான் என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், தட்டைப்பயறில் வரும் தேமல் வைரஸிலிருந்து எடுப்பது, வாய்க் கட்டியில் ஊசியாகப் போடுவார்கள், சம்மதமா என்று கேட்டார்.

"இத்தனை வருஷமா அதை வேரோட பிடுங்கின. இப்ப அதுகிட்டயே போய்க் கை கட்டி நிக்கப் போறியா?" என்று வீட்டில் புருஷன் கேலி பேசினான். பேசிவிட்டு, மேனேஜரின் மடிந்த காதை நிமிர்த்தி நிமிர்த்தி விட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

கண்ணால் பார்க்காமல் தன் பிள்ளை வாயில் எதையும் குத்த விடமாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால்தான் டாக்டரம்மா அவளை இந்தக் குடிலுக்கு அனுப்பியிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தம்பி," என்றாள், பிடுங்கிய செடியைக் கையில் வைத்துக்கொண்டே. "இது அவனுக்குள்ள வளருமா? எச்சில்ல வருமா? வயல் பூரா மோந்துட்டுத் திரியறவன் அவன்."

"வளராதுக்கா. இதுக்குப் பிழைப்பெல்லாம் பயறுச் செடிலதான். நாய்க்குள்ள வெறும் அந்நியன்."

"அப்புறம் எதுக்கு ஊசி?"

"அந்நியன்ங்கறதுக்காகத்தான். உடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்க. கட்டியை நம்ம வீட்டு ஆளுன்னு நெனச்சு விட்டுட்டாங்க. இது உள்ள போனா, யாரோ வந்துட்டான்னு அலறி அடிச்சு எழுந்திரிப்பாங்க. எழுந்தவங்க கண்ணுல கட்டியும் படணும். படும்னு நம்பறோம். சத்தியம் பண்ண முடியாது."

அவர் ஒரு சிறிய குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. லேசாகச் சாய்த்தபோது அதற்குள் மெல்லிய நீலம் ஒன்று ஓடி மறைந்தது. ஒரு மேசை நிறைய இலையை அரைத்து எடுத்தது இவ்வளவுதான் என்றார். பிறகு கணினியில் படம் காட்டினார். கோரைப்பல்லும் கொடுக்குமாக எதையோ எதிர்பார்த்திருந்தாள் கழுகுக்கண்ணி. திரையில் இருந்தவை உருண்டைகள். பெரிதாக்கிக் காட்டியபோது, ஒவ்வொன்றும் முகம் முகமாகப் பட்டை தீட்டிய கல்லாக இருந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றில்லை. அத்தனையும் ஒரே அச்சு. எந்தக் கை செய்தது, எந்த உளி தொட்டது? இத்தனை வருடமும் அதன் கைவரிசையைத்தான் பார்த்திருக்கிறாள், அதைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு மேனி சிலிர்த்தது. பயமா பக்தியா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"அழகாத்தான் இருக்கு சனியன்," என்றாள் மெதுவாக.

கிளம்பும்போது, பிடுங்கிய செடியை அதன் தொட்டியிலேயே வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் மண்ணை அழுத்தி நட்டாள். நோய்ச் செடியை நட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிறகு வழக்கம்போல் முழங்கை வரை சோப்புப் போட்டாள்.

முதல் ஊசி போட்ட அன்று மேனேஜருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மூஞ்சி வீங்கிப்போயிற்று. தண்ணீரைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நோயைக் காசு பணம் கேட்காமல் கொடுக்கிறார்களே என்று வாங்கிக் குத்திவிட்டேனே, எனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "போதும்டி, அவனை விட்டுடுவோம். நிம்மதியாப் போகட்டும்," என்றான் புருஷன். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கண்ணை மூடினால் அந்தப் பட்டை தீட்டிய உருண்டைகள் வந்து நின்றன. அவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒன்று வேலையை அரைகுறையாக விடுமா என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அடுத்த வாரமும் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். வயலுக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை. வளராது என்று ஆராய்ச்சிக்காரத் தம்பி சொன்னதை நம்பினாள்தான், நம்பிக்கை வேறு, தொழில் வேறு. மேனேஜர் விடுப்பில் இருப்பதாகப் பண்ணையில் சொல்லிவைத்தாள்.

கடைசி ஊசி முடிந்து காட்டப்போன அன்று டாக்டரம்மா வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். கட்டி கறுத்து, சுருங்கி, ஈறோடு ஒட்டிக் கிடந்தது.

"நல்லாத்தான் கேக்குது. ஆனா இது நாம ஊசி போட்ட இடம். இதை வெச்சு எதுவும் சொல்லிட முடியாது," என்றார், அவள் ஆசையை வளர்த்துவிடக்கூடாதே என்கிற குரலில். "கழுத்துல இருக்கறதுதான் கவலை. அங்க நாம எதுவுமே போடலை இல்லையா?"

சொல்லிக்கொண்டே கையைத் தாடைக்குக் கீழே விட்டார். விரல்கள் ஓரிடத்தில் நின்றன. கொஞ்சம் தள்ளிப் போயின. திரும்பி வந்தன.

"இந்தப் பக்கம்தானேம்மா இருந்தது?"

"அந்தப் பக்கம்தான் டாக்டரம்மா."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தேடினார். தன் பழைய குறிப்பை எட்டிப் பார்த்தார். மறுபடி தேடினார். கழுகுக்கண்ணியின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தினமும் தடவித் தடவி அவளுக்கு மனப்பாடமான இடம், இந்த ஒரு வாரமாகத் தொட்டுப் பார்க்கவே பயந்துகிடந்த இடம். அங்கே முடிக்கு அடியில் தோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதற்கும் அடியில் வெதுவெதுப்பாகத் தொண்டை ஏறி இறங்கியது. அவள் இன்னும் ஆழமாக அழுத்தினாள். பக்கத்திலேயே டாக்டரம்மாவின் விரல்களும் நம்பமாட்டாமல் தேடிக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் சேர்ந்து தனக்குச் சொறிந்துவிடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்ட மேனேஜர், கண்ணை மூடி, கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொடுத்தார்.