மாலை போட்ட ஃபார்வேர்டு

பஸ்ஸுக்காரனுங்க ஆட்டத்தைப் பார்த்து பயந்துட்டு வர்றதுக்கு நாங்க திருக்கோவிலூர் போவல. வயிறு குலுங்க சிரிச்சிட்டு வரலாம்னுதான் போனோம்.

பஸ்ஸுக்காரனுங்கன்னா அந்த இன்ஜினியரிங் காலேஜ்காரனுங்க. பேரைச் சொல்லி என் வாயை நான் எதுக்கு அசிங்கப்படுத்திக்கணும்? மஞ்சா கலர் பஸ்ஸா வாங்கி வாங்கி நிறுத்தி வச்சிருக்கானுங்க. கள்ளக்குறிச்சியில எந்த ரோட்டுல நின்னாலும் மூஞ்சி மேல புகை அடிச்சிக்கினு ஒண்ணு போவும். அஞ்சு வருசமா மண்டல ஃபுட்பால் கப்பை அவனுங்கதான் தூக்கிக்கினு போறானுங்க. அதுல கடைசி ரெண்டு வருசம் ஃபைனல்ல அவனுங்ககிட்ட தோத்தது எங்க கவர்மென்ட் காலேஜ். எங்க கோல்கீப்பர் என் தம்பி வீரமணி.

முதல் ஃபைனல்ல நாலு கோலு உள்ள போச்சு. போன வருசம் அஞ்சு. அன்னியிலேருந்து அவனுக்கு ஊருல பேரு சல்லடை. சலூன்ல சல்லடை, ரேஷன் கடையில சல்லடை. நான் வேலை செய்யற ஜவுளிக்கடைக்கு ஒருத்தன் வந்து, பொண்டாட்டிக்குப் புடவை பார்த்துக்கினே, "நீ சல்லடையோட அக்காதானேம்மா?"ன்னு கேட்டான். இருக்கறதுலயே சாயம் போற புடவையா பொறுக்கி எடுத்து, "உங்க வீட்டம்மாவுக்கு இதான் எடுப்பா இருக்கும்"னு கட்டிக் குடுத்தேன். தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான். சிரிச்சிட்டுப் போயிடுவான். எனக்குத்தான் பத்திக்கினு எரியும். அவனுக்கு இது கடைசி வருசம். இந்த வாட்டியும் தோத்தா அந்தப் பேரு அவன் கல்யாணம் வரைக்கும் வரும், அதுக்கப்புறமும் வரும்.

நாங்க எங்க செமி ஃபைனலை முந்தின நாளே ஜெயிச்சிட்டோம். அவனுங்களோடது திருக்கோவிலூர் காலேஜ் கூட, அந்த ஊருலயே ஒரு ஸ்கூல் கிரவுண்டுல நடந்துச்சு. மாயவன் அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டறாரு. எங்க காலேஜ்ல ஒரு வருசம் படிச்சிட்டு வுட்டவரு, ஆனா எங்க காலேஜ் பேரைச் சொன்னா இன்னிக்கும் சட்டைக் கையை மடிச்சி வுடுவாரு. அன்னிக்கு சவாரியை வுட்டுட்டு என்னையும், என் கூட கடையில வேலை செய்யற ரம்யாவையும் ஏத்திக்கினு வந்தாரு. தம்பியைக் கூப்பிட்டேன். ப்ராக்டீஸ் இருக்குதுன்னு வரல.

அப்பா, அவனுங்க பந்தா! ஆடறது பதினோரு பேரு, வந்தது மூணு பஸ்ஸு. தண்ணி குடிக்க ஒரு டப்பா, ஐஸு வைக்க ஒரு டப்பா, காலு புடிச்சி வுட ஒரு ஆளு. கோச்சுக்கு மழை மேகத்துலயும் கூலிங் கிளாஸ்.

"அந்தாளுக்கு கண்ணு வலியாடி?"ன்னேன் ரம்யாகிட்ட.

கத்தறதுக்குன்னு ரெண்டு பஸ்ஸு நிறைய பசங்களை இறக்கியிருந்தானுங்க. ஒரு சாரு விசில் ஊதினா கைதட்டறானுங்க, இன்னொரு வாட்டி ஊதினா நிறுத்தறானுங்க. வந்து கைதட்டினா அட்டென்டன்ஸாம். எங்க காலேஜ் பசங்க கிளாஸை கட் அடிச்சிட்டு வந்து தொண்டை கிழிய கத்தறானுங்க. கத்தறதுன்னா அது. சம்பளத்துக்குக் கைதட்டறதெல்லாம் ஒரு கைதட்டலா? த்தூ!

"அண்ணே, இவனுங்க டிபெண்டரைப் பாருங்க. பால் வந்தா ஒதுங்கி வழி வுடறான்."

"பஸ்ஸுல படியில நின்னு பழகினவன்மா. இறங்கறவங்களுக்கு வழி வுட்டுத்தானே ஆவணும்"னாரு மாயவன் அண்ணன்.

நெசமாவே ஒண்ணும் பெருசா இல்ல. அவனுங்க டீம்ல ஆட்டக்காரன்னு சொன்னா ஒரே ஒருத்தன். அன்புச்செல்வன். வெள்ளிமலைப் பையன். மேட்டுலயும் பள்ளத்துலயும் ஓடி வளர்ந்த காலு, இடது காலால அடிச்சான்னா வலை பின்னாடி தள்ளும். அவனை மலையிலேருந்து ஃப்ரீ ஹாஸ்டல், ஃப்ரீ சாப்பாடுன்னு கூட்டிக்கினு வந்து சேர்த்துக்கினானுங்க. என் தம்பிக்கு விழுந்த ஒம்போது கோல்ல ஏழு அவன் அடிச்சது. அவனைத் திட்டறதுக்குன்னே வாய்க்குள்ள ஒரு மூட்டை வச்சிக்கினு வந்திருந்தேன்.

அவன் கிரவுண்டுக்குள்ள வந்தான். பார்த்தா தாடி. கழுத்துல துளசி மாலை. ஜெர்சிக்குள்ள வச்சி பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தான்.

"அடப்பாவி, மாலை போட்டுக்கினானா!"ன்னாரு மாயவன் அண்ணன். கார்த்திகை மாசம்தான், ஊருல பாதி பேரு கருப்பு வேட்டி. ஆனா இவன் போடுவான்னு யாரு நெனைச்சா?

அதுக்கப்புறம் நடந்த கூத்தை இன்னான்னு சொல்றது! திருக்கோவிலூர் டிபெண்டர் பையன் ஒருத்தன் பாலை எடுக்கப் போயி, காலு அவன் மேல பட்டுடுச்சு. உடனே அந்தப் பையன் குனிஞ்சு அவனைத் தொட்டுக் கும்பிட்டு, "தெரியாம பட்டுடுச்சு சாமி, மன்னிச்சிக்குங்க"ன்னு கன்னத்துல போட்டுக்கினு நிக்கறான். இவன் "பரவால்ல சாமி"ன்னு சொல்லிட்டு ஓடிப் போயி கோல் போட்டுட்டான். ரெபரி கிட்ட வந்து மாலையைப் பார்த்தாரு, அவரும் "சாமி சரணம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மாயவன் அண்ணன் பழக்க தோஷத்துல "டேய், மலைக்..."னு ஆரம்பிச்சாரு. பக்கத்துல வேர்க்கடலை வித்துக்கினு இருந்த அம்மா கூடையை இறக்கி வச்சிட்டு சண்டைக்கு வந்துட்டாங்க.

"மாலை போட்ட சாமியை டேய்னு சொல்ற? வாயி அழுவிடும், ஆமா."

அதோட அண்ணன் வாயை மூடிட்டாரு. நானும்தான். எங்களால திட்டவும் முடியல, டிபெண்டருங்களால இடிக்கவும் முடியல. மூணு கோலு போட்டான் அந்த சாமி. ஆட்டம் முடிஞ்சதும் பூட்ஸைக் கழட்டிட்டு வெறுங்காலோட பஸ்ஸு ஏறினான். ஆட்டத்துல மட்டும் பூட்ஸ் போட்டுக்கலாம்னு குருசாமி சொல்லியிருக்காராம்.

"நல்ல குருசாமிடா! சலுகை விலையில விரதம்"னேன் ஆட்டோல. "இது சாமி போட்ட மாலை இல்லண்ணே. கோச்சு போட்ட மாலை."

"அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு வேண்டுதல்னு சொன்னாங்கம்மா."

"ஃபைனல் வர்ற மாசமா பார்த்து உடம்பு முடியாம போச்சா? சும்மா இருங்கண்ணே."

சங்கராபுரம் ரோட்டைத் தாண்டறதுக்குள்ள எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. போன வருசம் ஃபைனல் அன்னிக்கு எங்கம்மா தம்பி கையில கோயில் கயிறு கட்டி அனுப்பினாங்க. கையில, கழுத்துல எதுவும் இருக்கக் கூடாது, அதான் ரூலுன்னு சொல்லி ரெபரி பிளேடு வாங்கி அறுத்துட்டாரு. கயிறு போனதாலதான் அஞ்சு கோலு போச்சுன்னு எங்கம்மா இன்னிக்கும் சொல்லிக்கினு இருக்காங்க. கயித்துக்கு இருக்கற ரூலு மாலைக்கு இல்லாம போயிடுமா? ரம்யாகிட்ட கூட சொல்லல. மனசுக்குள்ளயே வச்சிக்கினேன்.

ஃபைனல் கள்ளக்குறிச்சியில. போன வருசம் கயித்தை அறுத்த அதே ரெபரி. எங்க டீம் பசங்க ஸ்டோர் ரூமுல ஜெர்சி மாத்திக்கினு இருந்தானுங்க. நான் நேரா கிரவுண்டு நடுவுல போனேன்.

"சார், வணக்கம். கோயில் கயிறு ஆபத்துன்னா துளசி மாலை ஆபத்து இல்லீங்களா?"

"இன்னாம்மா?"

"போன வருசம் எந்தம்பி கயித்தை அறுத்தீங்களே, அப்போ ரூலு சொன்னீங்க. இந்த வருசம் ரூலு லீவுல போயிடுச்சுங்களா? இல்ல, மஞ்சா பஸ்ஸுல வர்றவங்களுக்கு வேற ரூலுங்களா?"

வேணும்னேதான் சத்தமா கேட்டேன். சுத்தி நின்ன எங்க ஆளுங்க "கேளு கோகிலா, நல்லா கேளு"ன்னு கத்த ஆரம்பிச்சாங்க. ரெபரிக்கு வேற வழி இல்ல. அன்புச்செல்வனைக் கூப்பிட்டு, "கழட்டினாதான் ஆடலாம்பா"ன்னாரு.

கழட்டுவான்னுதான் நான் நெனைச்சேன். கழட்டினா எல்லாருக்கும் வேஷம் தெரிஞ்சிடும், அப்புறம் வாயிக்குள்ள இருக்கற மூட்டையை அவுத்துடலாம்னு காத்துக்கினு இருந்தேன். அந்தப் பையன் மாலையைக் கையால புடிச்சிக்கினு, "முடியாதுங்க சார்"னான்.

கூலிங் கிளாஸ் ஓடி வந்தாரு. "ஒன்றரை மணி நேரம்தானேடா, கழட்டி என்கிட்ட குடு. முடிஞ்சதும் மாட்டிக்க."

"இடையில கழட்டினா விரதம் போயிடும் சார்."

"அப்போ ஹாஸ்டலும் போயிடும். யோசிச்சிக்க."

அவன் யோசிக்கவே இல்ல. பூட்ஸைக் கழட்டி ஓரமா வச்சிட்டு, வேப்பமரத்தடியில வெறுங்காலோட போயி உக்கார்ந்துட்டான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா தம்பி நெனைப்பு வந்ததும் மனசைக் கல்லாக்கிக்கினேன்.

அவன் இல்லாத டீமைப் பார்க்கணுமே! பால் வந்தா யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியாம ஒருத்தன் மூஞ்சை ஒருத்தன் பார்க்கறானுங்க. விசில் சாரு ஊதறாரு, பசங்க கைதட்டறானுங்க, எதுக்குன்னு அவனுங்களுக்கே தெரியல. எங்க பசங்களும் ஒண்ணும் கிழிக்கல. கடைசியில ஒரு கார்னர் பால் அவனுங்க டிபெண்டர் முழங்கால்லயே பட்டு உள்ள போச்சு. ஒண்ணு. அதான் மொத்தம். என் தம்பிகிட்ட ஆட்டம் முழுக்க ரெண்டே பால் வந்துச்சு. ரெண்டும் உருண்டு வந்துச்சு.

விசில் அடிச்சதும் நான் ஆடின ஆட்டம் இருக்குதே! மாயவன் அண்ணன் துண்டை வாங்கி சுத்தினேன். "இப்போ சொல்லுங்கடா சல்லடைன்னு! எவனுக்கு தைரியம் இருக்குது?"ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினேன்.

"சாமியை வெளிய உக்கார வச்சிட்டா நான்கூட கோல்கீப்பர்தான்"னு கூட்டத்துல எவனோ சொன்னான். நாலு பேரு சிரிச்சாங்க.

நான் அதைக் காதுல போட்டுக்காம தம்பிகிட்ட ஓடினேன். மத்த பசங்க கப்பைத் தூக்கிக்கினு குதிக்கறானுங்க. இவன் கோல் போஸ்ட்டுகிட்டயே நிக்கறான்.

"ஒரு கோலு கூட வுடலடா நீ!"

"எவன் அடிச்சான்க்கா, நான் வுடறதுக்கு?"

எனக்குப் புரியல. சிரிச்சிக்கினே தோள்ல கை போட்டேன். கையை எடுத்து வுட்டுட்டான்.

"ரெபரிகிட்ட போனது நீதானாமே."

"ஆமா, நான்தான். உன் கயித்தை அறுத்தாருல்ல?"

"கயித்துக்காகவா போன?"

நான் மாயவன் அண்ணன் துண்டை மடிக்க ஆரம்பிச்சேன்.

"மூணு மாசமா விடியக்காலையில எழுந்து ஓடினேன். நீதானே டீ போட்டுக் குடுத்த. இடது காலுல அடிக்கற பையனா தேடிப் புடிச்சி, தினம் அடிக்கச் சொல்லி விழுந்து விழுந்து புடிச்சேன். அது யாருக்காகன்னு நெனைச்ச? அவனுக்காகத்தான். இன்னிக்கு அவன் அடிச்சு நான் புடிச்சிருந்தா அந்தப் பேரு போயிருக்கும். பத்து கோலு வுட்டிருந்தாகூட, நேரா நின்னு வுட்டேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"உனக்கு நல்லதுன்னுதான்டா..."

"ஊரே சல்லடைன்னு சொல்லுச்சு. நான் சிரிச்சிட்டுப் போனேன். நீயும் அப்படித்தான் நெனைச்சிக்கினு இருந்திருக்கன்னு இன்னிக்குத்தான்க்கா தெரியுது."

சத்தம் போட்டுக்கூட சொல்லல. திட்டியிருந்தா பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அது வரும்.

அதுக்குள்ள மூணு மஞ்சா பஸ்ஸும் கிளம்பிடுச்சு. அன்புச்செல்வன் பூட்ஸைக் கையில எடுத்துக்கினு ஓடினான். கூலிங் கிளாஸ் ஜன்னல்லேருந்து, "நீ நடந்தே வா"ன்னுட்டாரு. மூணு வருசமா கப்பு வாங்கிக் குடுத்த பையனை ரோட்டுல வுட்டுட்டுப் போறானுங்க, ஈனப் பசங்க. மாயவன் அண்ணன், "வாங்க சாமி, நம்ம ஆட்டோல வுட்டுடறேன்"னாரு.

"இருங்கண்ணே"ன்னு சொல்லிட்டு தம்பி அவன்கிட்ட போனான். "சாமி, கொஞ்சம் பால் அடிக்கறீங்களா? என் கோலுக்கு."

அவன் தம்பியைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். ஒண்ணும் கேக்காம உக்கார்ந்து பூட்ஸ் மாட்டினான். மாலை ஜெர்சிக்கு வெளிய தொங்கிக்கினு இருந்துச்சு. இப்போ அதைக் கேக்க ரெபரி இல்ல.

கிளம்பின கூட்டமெல்லாம் திரும்பி வந்துடுச்சு. தம்பி க்ளவுஸை இறுக்கிக்கினு கோல்ல நின்னான். அன்புச்செல்வன் நாலடி பின்னாடி போயி ஓடி வந்து இடது காலால அடிச்சான். தம்பி சரியான பக்கம்தான் பாய்ஞ்சான், விரல்லகூட பட்டுச்சு. ஆனா பால் வலையில போயி விழுந்துச்சு.

"சல்லடை!"ன்னு ஒருத்தன் கத்தினான்.

எவன்டா அதுன்னு நான் திரும்பினேன்.

"அக்கா, நீ சும்மா இரு!"ன்னு கோல்லேருந்து தம்பி கத்தினான். வலைக்குள்ள போயி பாலை எடுத்து அவனே உருட்டி வுட்டான். "சாமி, இன்னொண்ணு அடிங்க."

நான் வாயை மூடிக்கினு நின்னேன்.