அசனத்துக்கு நேர்ந்த கோழிகள்

பின்கதவின் தாழ்ப்பாளைத் தொடுவதற்கு முன்பே கத்தரின் சேலைத் தலைப்பை மூக்கின்மேல் இழுத்துச் சுற்றிக்கொள்வாள். கதவைத் திறந்ததும் அந்த வாடை, வெளியே காத்துக் கிடந்ததுபோல் வீட்டுக்குள் வந்துவிடும். கைகால் நீட்ட இடமில்லாத கொல்லை அது. ஒரு மூலையில் வாளிக் கக்கூஸ், எதிர்மூலையில் குழாயடி, நடுவில் அவள் கணவன் லூயிஸ் பெட்டிப் பலகையும் கம்பிவலையும் வைத்து அடித்த கோழிக்கூண்டு. மழை பெய்த மறுநாள் தவிடும் எச்சமும் இறகும் கரைந்து சாம்பல் நிறக் கூழாகிக் கால்விரல் இடுக்கில் ஏறும். அதைத் தகரத்துண்டால் வழித்து வாளியில் போட வேண்டும். வழிக்க வழிக்க ஈ மொய்க்கும். ஒருநாள் விட்டுவைத்தால் புழு வைத்துவிடும். காலைக் காப்பி அவளுக்குத் தொண்டைக்குள் இறங்கி வெகுநாளாகிவிட்டது.

ஜொகூர் பாருவில், மீனும் காய்கறியும் விற்கும் பாசாருக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. லூயிஸ் அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் விலை விழுந்து ஊரே சுருங்கிப்போன சமயத்தில் கம்பெனியில் சம்பளத்தை வெட்டினார்கள். அப்போதுதான் அவனுக்குக் கோழி யோசனை வந்தது. சிங்கப்பூரிலிருந்து, கடல்தாண்டி வந்த கப்பல் கோழி என்று சொல்லிக் கறுப்பில் பளபளக்கும் பெட்டைகளை வாங்கி வந்தான். முட்டை கிடைத்தது உண்மைதான். ஆனால் வீட்டில் அவித்துத் தின்றதைவிட வெளியே போனதுதான் அதிகம். கம்பெனித் துரைக்கு ஒரு கூடை போகும், கோயில் சாமியாருக்கு ஒரு கூடை போகும். கொடுத்துவிட்டு வரும்போது லூயிஸின் நடையே மாறியிருக்கும். பூசை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் அவன் கோழிகளைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடே வேண்டாம். கூண்டைக் கழுவும் வேலை மட்டும் கத்தரினுடையது.

அந்த வரிசை வீடுகளின் பின்பக்கச் சந்தில் கூட்டுகிறவள் அங்கம்மா. அவள் புருஷன் கக்கூஸ் வாளிகளை எடுத்துப் போவான். அவள் சாக்கடையைத் தள்ளிவிட்டுச் சந்தில் பெருக்குவாள். ஊர்க் குப்பை கொட்டும் மேட்டுக்கு அப்பால் இருந்த கூலிக் குடியிருப்பான லயத்தில் அவர்களுக்கு ஒற்றை அறைக் காம்பரா. கத்தரின் கொடுமைக்காரி அல்ல. அங்கம்மா தண்ணீர் கேட்டால் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். அங்கம்மா இரண்டு கையையும் குவித்துக் குடிப்பாள். அப்படித்தான் செய்யவேண்டும் என்று கத்தரினுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறந்த வீட்டில் பார்த்துப் பார்த்துத் தானாக வந்த பழக்கம்.

ஒருநாள் ஒரு பெட்டை கூண்டின் மூலையில் ஒடுங்கி நின்றது. கழுத்து முறுக்கிக்கொண்டது. அலகிலிருந்து கோழை நூலாகத் தொங்கியது, பச்சைப் பச்சையாகக் கழிந்தது. மறுநாள் காலையில் விறைத்துக் கிடந்தது. கண்ணில் எறும்பு ஏறியிருந்தது. எங்காவது புதைத்துவிடலாம் என்றாள் கத்தரின். லூயிஸுக்கு மனம் வரவில்லை. அத்தனை விலை கொடுத்து வாங்கிய கோழியை மண்ணுக்குக் கொடுப்பதா என்றான். சற்று யோசித்துவிட்டு, அங்கம்மாவிடம் கொடுத்தால் புண்ணியமாவது மிஞ்சும் என்றான்.

"செத்ததுங்க அது" என்றாள் கத்தரின்.

"அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான். வேணும்னா நான் அறுத்துத் தரேன்."

சொன்னபடியே செத்த கோழியின் கழுத்தில் கத்தியை வைத்தான். ரத்தம் வரவில்லை. கறுப்பாக ஏதோ கசிந்து அவன் பெருவிரலில் வழிந்தது. அதைப் பழைய காகிதத்தில் துடைத்து, அந்தக் காகிதத்திலேயே கோழியைச் சுற்றிக் கொடுத்தான். கத்தரின் பொட்டலத்தைப் பின்வாசல் படியில் வைத்தாள். அங்கம்மா வந்ததும் அதைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இன்னிக்கு அறுத்தது. கொண்டு போ" என்றாள். பொய் அவள் வாயிலிருந்து எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது.

அங்கம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. பிள்ளை கறி கறியென்று கேட்டு அழுதுகொண்டிருந்தது என்றும், கிராணி வீட்டுக்குக் கடவுள் குறை வைக்கமாட்டார் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். கத்தரின் கதவைச் சாத்திவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

அதற்குப் பிறகு சில நாள் அங்கம்மா வரவில்லை. வேறு ஒருத்தி வந்து சந்தில் கூட்டினாள். அங்கம்மா திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போயிருந்தது. அவளுடைய ஒரே மகள் செல்வராணிக்கு வாந்தியும் பேதியும் கண்டு ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்களாம். பிள்ளை தலை தொங்கிப்போய், இனி இல்லையென்றே நினைத்துவிட்டார்களாம்.

"நீங்க ஆசையா குடுத்தீங்கம்மா. நாந்தான் அவசரத்துல சரியா கழுவாம ஆக்கிட்டேன் போல. என் கைதான் சரியில்ல" என்றாள் அங்கம்மா.

கத்தரின் அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கம்மா இடுப்பிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்து நீட்டினாள். பழுப்பு இலை ஒன்றுகூட இல்லாமல் ஆய்ந்து, வாழைநாரால் கட்டியிருந்தாள். லயத்துக்குப் பின்னால் தானே வைத்த மரம் என்றாள். கத்தரின் இரண்டு விரலால் அதை வாங்கினாள். அங்கம்மாவின் விளக்குமாற்றுச் சத்தம் சந்து முனையைத் தாண்டும்வரை நின்றிருந்தாள். பிறகு கீரையைக் கூண்டுக்குள் எறிந்தாள். சாக்கடை தள்ளிய கை கட்டிய கீரையைச் சட்டியில் போட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கோழிகள் எச்சத்தில் நின்றுகொண்டு அந்தப் பச்சை இலையைக் கொத்தின. அதைப் பார்த்ததும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எதனால் குமட்டுகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

சாயங்காலம் லூயிஸிடம் பிள்ளையின் விஷயத்தைச் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, அந்த லயத்தில் எதையெதைத் தின்கிறார்களோ, நம் கோழியால்தான் என்று யார் கண்டது என்றான். அதோடு பேச்சை மாற்றிவிட்டான். அவனுக்கு வேறு நினைப்பு இருந்தது. அந்தோணியார் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று கோயில் வளாகத்தில் சாதி மதம் பார்க்காமல் ஏழைகள் எல்லாருக்கும் அசனம் என்று பொதுப் பந்தி வைப்பார்கள். அந்த வருஷத்து அசனத்துக்குக் கோழிக்குழம்பு முழுவதும் தன் பொறுப்பு என்று விழாத் தலைவர் பெர்னார்டிடம் லூயிஸ் வாக்குக் கொடுத்திருந்தான். பணமுடை நாளில் இப்படி ஒருவர் முன்வந்தாரே என்று சாமியார் பிரசங்கத்திலேயே அவன் பெயரைச் சொன்னார். லூயிஸ் தலையைக் குனிந்துகொண்டான். காது மட்டும் சிவந்திருந்தது.

நோய் கூண்டு முழுவதும் பரவியது. திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் லூயிஸ் கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தான். நின்றதையும் அறுத்தான், படுத்ததையும் அறுத்தான். அறுக்காமலே ஆறிப்போயிருந்தவற்றையும் சேர்த்து ஒரே குவியலாகப் போட்டான். குழாயடி முழுவதும் ஈரச் சிறகும் ரத்தமும். கத்தரின் முதல் கோழியைக் கீறியதும் உள்ளிருந்து கிளம்பிய நாற்றத்தில் அவள் கத்தியை நழுவவிட்டாள். குடல் ஊதியிருந்தது. ஈரலில் கருநீலப் புள்ளிகள் இருந்தன. வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடையோரம் ஓடினாள்.

அவள் திரும்பி வந்ததும், மசாலாவைத் தூக்கலாகப் போடச் சொன்னான் லூயிஸ். கொதிக்கிற குழம்பில் எந்த நோய் நிற்கும், அசனத்துக்கு வருகிறவன் என்ன மோந்து பார்த்தா தின்னப்போகிறான் என்றான். கோயிலில் தலைகுனிந்து நின்றவனும் இவனும் ஒருவனா என்று கத்தரின் பார்த்தாள். ஒரு கோழியை மட்டும் உள்ளே எடுத்துப் போனாள். மிளகும் மல்லியும் வறுத்து அரைத்து, தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்க வைத்தாள். வாசனை முன்கூடம்வரை போயிற்று. லூயிஸ் தானாகவே வந்து உட்கார்ந்தான். சூடான சோற்றின்மேல் தொடையாகப் பார்த்து வைத்துக் குழம்பை ஊற்றினாள். அவன் பிசையப் போனான்.

"பாசார்ல வாங்கினியா?"

"இல்லைங்க. கூண்டுக் கோழிதான். நாளைக்கு ஏழைங்களுக்குப் போகப்போறது."

அவன் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. முகம் சுருங்கிப்போயிற்று. பைத்தியமா உனக்கு என்று தட்டை முழங்கையால் தள்ளினான். எழுந்து போய், சோற்றைத் தொடாத கையைச் சோப்புப் போட்டு ஒருமுறை கழுவினான். மறுபடியும் கழுவினான். மோந்து பார்த்துக்கொண்டான்.

"கொதிச்ச குழம்புல நோய் நிக்காதுன்னு சொன்னீங்களே" என்றாள் கத்தரின்.

அவன் கைகளைத் துண்டில் அழுத்தித் துடைத்தான். அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எந்தக் கோழி எச்சத்திலும் வராத அருவருப்பு வந்தது. இந்தக் கையா நாளைக்குக் கோயிலில் கும்பிடப்போகிறது என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே அவளுக்குத் தன் கால் நினைவுக்கு வந்தது. பொட்டலத்தைத் தள்ளிவிட்ட கால். இன்னிக்கு அறுத்தது என்று சொன்ன வாய். சோப்புப் போட்டுக் கழுவியவள் அவளும்தானே. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எழுந்தாள். சமைத்தது, சமைக்காதது எல்லாவற்றையும் சாக்கில் வாரிப் போட்டு, சந்துக்கு அப்பால் இருந்த வெற்று நிலத்துக்கு இழுத்துப் போனாள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, மிச்சத்தைக் குழி வெட்டிப் புதைத்தாள். லூயிஸ் பின்னாலேயே வந்தான். பக்கத்து வீட்டாருக்குக் கேட்காதபடி குரலை அடக்கிக்கொண்டு, ஊர் முன்னால் தன் மானத்தை வாங்குகிறாள் என்றான். போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு அவள் மண்ணைத் தள்ளினாள்.

மறுநாள் கத்தரின் விடியலிலேயே பாசாருக்குப் போய்ப் பருப்பும் கத்தரிக்காயும் வாங்கி வந்து, ஒரு பெரிய அண்டாவில் சாம்பார் வைத்தாள். கோயில் வளாகத்தில் அதை இறக்கியபோது பெர்னார்ட் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு லூயிஸைப் பார்த்தார். கோழிகளுக்குத் திடீரென்று நோய் வந்துவிட்டது, கர்த்தர் சித்தம் என்று லூயிஸ் முணுமுணுத்தான். பெர்னார்ட் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

பந்தியின் கடைசி வரிசையில் அங்கம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செல்வராணி, நோயிலிருந்து எழுந்த பிள்ளையின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கத்தரின் சாம்பார் வாளியோடு அவர்களிடம் போனாள். ஊற்றாமல் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அங்கம்மாவுக்கு எதிரே மண்ணிலேயே குந்தினாள்.

"அங்கம்மா, உன் கைல ஒரு குத்தமும் இல்ல. நான் குடுத்தது அறுத்த கோழி இல்ல. சீக்கு வந்து செத்தது. செத்தப்புறம் கழுத்த அறுத்து உங்கிட்ட குடுத்தோம். தெரிஞ்சேதான் குடுத்தோம்."

அங்கம்மா இலையில் விழுந்திருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வாடை அன்னைக்கே அடிச்சுதும்மா" என்றாள் மெதுவாக. "கிராணி வீட்டம்மா கையால குடுத்தது, கெட்டதாவா இருக்கும்னு என் மூக்கத்தான் சந்தேகப்பட்டேன்."

அவள் திட்டவில்லை, அழவுமில்லை. கத்தரின் கரண்டியை எடுத்தபோது இலையின்மேல் கையை விரித்து மூடினாள். மகளின் இலையையும் மூடினாள். முன் வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த வேறொருத்தியைக் கூப்பிட்டு அதே சாம்பாரை ஊற்றச் சொன்னாள்.

கத்தரின் வாளியைத் தூக்கிக்கொண்டு, கடைசி வரிசைக்குப் பக்கத்திலேயே இருந்த அண்டாவுக்குத் திரும்பினாள். லூயிஸ் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். பெர்னார்டும் கேட்டிருந்தார். லூயிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, தோட்டிச்சியிடம் போய் இதையெல்லாம் எதற்காகச் சொன்னாய், அவள் நமக்கு என்ன ஆகவேண்டும் என்று கேட்டான்.

கத்தரின் குரலைத் தாழ்த்தவில்லை. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததையும் அவள் பொருட்படுத்தவில்லை.

"நமக்கு இருக்கிற நாக்கும் மூக்கும் மானமும்தாங்க அவளுக்கும் இருக்கு. அவ அள்ளுறது நம்ம வீட்டு அழுக்க. அள்ளி முடிச்சு அவ கைய கழுவிடுறா. நாம அவ பிள்ள வாயிலேயே அழுக்கப் போட்டுட்டு அதுக்குப் புண்ணியம்னு பேரு வச்சோம். நம்ம இலைல வச்சுக்க முடியாத ஒண்ண அடுத்தவன் இலைல வச்சா, அது தர்மம் இல்லைங்க. குப்பை கொட்டுறது."