பரளச்சிக் கரைப் பாட்டு

பந்தல்குடி கோல்கீப்பர் கருத்தப்பாண்டியின் கையில் எந்தப் பொருளும் நிற்காமல் போனது போன மாசி மாதம், பரளச்சிக் கண்மாய்க்குள் நடந்த கால்பந்து லீக் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில். பரளச்சியில் கண்மாய் வற்றியதும் அதுதான் மைதானம், கரைதான் கேலரி. தண்ணீர் வந்துவிட்டால் சீசன் முடிந்தது. அந்தக் கரையில் மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடுவது பலித்துவிடும். ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்க வேண்டும், பாட்டில் துளியாவது உண்மை இருக்க வேண்டும். தங்கள் ஊர் பார்வர்டு பருந்தாய்ப் பறக்கிறார் என்று ஒரு சீசன் முழுக்கத் தொண்டை கிழியப் பாடியும் அவர் நடந்துகொண்டுதான் இருந்தார். நடுவருக்குக் கண் தெரியவில்லை என்று ஒரே ஒருமுறை பாடியதற்கு அந்த மனுஷர் அடுத்த வாரமே சோடாபுட்டிக் கண்ணாடியோடு வந்து நின்றார். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாட்டுக் கட்டுவது செல்போன் கடை முகம்மது அனீஸ். அதற்கு உண்மை எடுத்துக் கொடுப்பது லாரி ஓட்டும் தங்கசாமி. எந்த பைனலில் பந்து கருவேல முள் குத்தி வெடித்தது, எந்த ஊர் கேப்டன் மணமாலையோடு வந்து பெனால்டி அடித்தார், எந்த ஐரோப்பாக் கிளப் எப்போது சட்டை நிறத்தை மாற்றியது என்று டீக்கடையில் இருவரும் மாறி மாறி மடக்கிக்கொள்வார்கள். கருத்தப்பாண்டி தன் முதல் மேட்ச்சில் கைக்கு நேராக வந்த பந்தைக் கோட்டைவிட்டவர் என்று தங்கசாமி சொல்ல, அனீஸ் அங்கேயே கட்டினார்:

“தண்ணி நிக்குமா சல்லடையில?
பந்து நிக்குமா பாண்டி கையில?”

நல்ல பாட்டுத்தான், குறை சொல்ல முடியாது. கரை பாடியது, பந்து விரல்களுக்கிடையே வழுக்கிப் போனது, பரளச்சி ஜெயித்தது. அதன் பிறகு கருத்தப்பாண்டியின் கையில் டீ கிளாஸ் நிற்கவில்லை, சோற்று உருண்டை நிற்கவில்லை. மனைவி நாகஜோதிதான் ஊட்டிவிட்டாள். காலாலும் நெஞ்சாலும் தடுத்தே அவர் பந்தல்குடியை பைனல் வரை கொண்டுவந்துவிட்டார், அது வேறு விஷயம். பங்குனியில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் நீட்டியபோது அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பொட்டப்பிள்ளை என்பதால்தான் தொடவில்லை என்று மாமனார் வீட்டில் பேசிக்கொண்டார்கள். பாவம், அந்தப் பேச்சுத்தான் அவரை அறுத்தது.

ஆடியில் நாகஜோதி குழந்தையோடு பஸ் பிடித்து வந்து அனீஸ் கடை முன்னால் நின்றாள். “அண்ணே, அவுக பந்தப் பிடிக்காட்டிப் போகுது. பிள்ளையத் தூக்கணும்ணே. கீழ போட்டுருவமோன்னு பக்கத்துலயே வர மாட்டேங்காக.” அனீஸுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பாடிய கரைதான் மாற்றிப் பாட முடியும், அதுவும் ஆட்டத்தின் நடுவில். அடுத்த ஆட்டமோ பைனல், பந்தல்குடியோடு. தங்கசாமியிடம் சொன்னதற்கு, “ஏலே, கப்ப நாமளே கொண்டுபோயிக் குடுக்கவா?” என்று துண்டை உதறி எழுந்து போய்விட்டார்.

பைனலில் பந்தல்குடி ஒரு கோல் முன்னால் இருந்தது. கடைசி நிமிஷத்தில் பரளச்சிக்குப் பெனால்டி. கோல் கம்பத்தின் ஓரம் நாகஜோதி குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கரை சல்லடைப் பாட்டுக்கு வாயெடுத்த நேரம் அனீஸ் எழுந்து, “அந்த மனுசன் எதையாவது பிடிச்சு விடாம இருந்தது உண்டா, இல்லையா? சொல்லுலே!” என்று தங்கசாமியை உலுக்கினார். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது தங்கசாமியால் ஆகாத காரியம். “மழை வந்து பாதியில நின்ன மேட்ச்சுலே. ஆட்டுக்குட்டி ஒண்ண வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு. அவருதான் பாஞ்சு பிடிச்சாரு. மடை வரைக்கும் இழுத்துட்டுப் போயும் விடல. நம்ம ஊருக் குட்டி அது,” என்றார். கடைசி வார்த்தையில் அவர் குரல் இறங்கிவிட்டது. அனீஸ் மூச்சு வாங்குவதற்குள் கட்டிவிட்டார்:

“வெள்ளம் வந்து இழுத்தும் கூட குட்டிய விடல!
பாண்டி கையப் பிரிக்க இன்னும் ஆளு பொறக்கல!”

அனீஸ் தனியாகப் பாடினார். அடுத்து தங்கசாமி பாடினார். பிறகு திட்டிக்கொண்டே கரை முழுக்கப் பாடியது. அடித்த பந்து கருத்தப்பாண்டியின் கையில் போய் அப்படியே நின்றது. விசில் ஒலித்தது, கப்பு பந்தல்குடிக்குப் போனது. பரளச்சிக்காரர்களுக்கு அப்பாடா என்றிருந்தது. தோற்றதற்கு இவ்வளவு நிம்மதி அந்தக் கரை கண்டதில்லை. பந்தை அவர் கையிலிருந்து பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. காலியான கையில் நாகஜோதி பிள்ளையை வைத்தாள். அவர் வாய்விட்டு அழுதார்.

பாட்டு கொஞ்சம் அழுத்தமாகவே பலித்துவிட்டது. டீ குடித்து முடித்தும் அவர் கிளாஸைக் கையிலிருந்து விடும்வரை கடைக்காரர் காத்திருக்கிறார். பஸ் கம்பியிலிருந்து கையெடுக்க நேரமாகும் என்று பந்தல்குடிக்கு முந்தின ஸ்டாப்பிலேயே கண்டக்டர் அவரை எழுப்பிவிடுகிறார். பிள்ளையை அவரிடமிருந்து வாங்க நாகஜோதி தினமும் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. அது பாட்டினால்தானா என்று அவள் கேட்டதில்லை.